வார்டுல இருந்து டீச்சிங்குக்கு: இங்கிலாந்துல ஸ்டாஃப் நர்ஸா இருக்குற ஒரு சகோதரிக்குப் பதில்

கடிதம் ரொம்ப நீளம், அதனால சுருக்கித் தர்றேன், அடையாளம் தெரியுற விஷயத்தை எல்லாம் எடுத்துட்டேன்.

எழுதினவங்களுக்கு 36 வயசு, திருநெல்வேலி பக்கம். பி.எஸ்சி நர்ஸிங், அப்புறம் மெடிக்கல் சர்ஜிக்கல்ல எம்.எஸ்சி, ரெண்டும் எம்.ஜி.ஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ. ஊர்ல ஒரு தனியார் காலேஜ்ல டியூட்டரா இருந்துட்டு 2022-ல இங்கிலாந்து வந்து ஓஸ்கி (வெளிநாட்டு நர்ஸுங்களுக்கான செய்முறைத் தேர்வு) முடிச்சு பின் நம்பர் (நர்ஸ் பதிவு எண்) வாங்கி, மிட்லேண்ட்ஸ் பக்கம் ஒரு என்.ஹெச்.எஸ் (அரசு மருத்துவச் சேவை) ஆஸ்பத்திரியில மெடிக்கல் வார்டுல பேண்ட் 5 (சம்பளப் படி) ஸ்டாஃப் நர்ஸ். கணவரும் அதே வருஷம் டிபென்டன்ட் விசாவுல வந்து அதே ட்ரஸ்ட்ல (ஆஸ்பத்திரியை நடத்துற என்.ஹெச்.எஸ் அமைப்பு) ஹெல்த்கேர் அசிஸ்டன்ட். ரெண்டு பசங்க. "நான் டீச்சர், என்னை வார்டுல போட்டு அரைக்குறாங்க"ன்னு எழுதியிருக்காங்க. யுனிவர்சிட்டில லெக்சரர் ஆகணும்னு ஆசை. பி.ஹெச்டி இல்லாம உள்ளேயே விடமாட்டாங்கன்னு ஒரு தோழி சொல்லியிருக்காங்க, இன்னொருத்தங்க டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் (சம்பளத்தோட வேலை பார்த்துட்டே டிகிரி படிக்குற வழி) சொல்லிக்குடுக்குற டீம்ல யாரை வேணும்னாலும் எடுத்துக்குறாங்க, சீக்கிரம் போயிடுன்னு சொல்லியிருக்காங்க. வார்டை விட்டா பின் போயிடுமோன்னு பயம். கணவர் நர்ஸ் ஆகணும்னு நினைக்கிறார், அந்த டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்ல சீட் வாங்கித் தர்றேன்னு ஒரு ஏஜென்ட் 3,000 பவுண்ட் கேட்டிருக்கார், 500 குடுத்தாச்சு. மாமியார் போன்ல "டிகிரி முடிச்ச பிள்ளை அங்க போய் அப்ரண்டிஸா?"ன்னு கேட்டிருக்காங்க. என்ன பண்ணட்டும்னு கேள்வி.

சகோதரி, உங்க கடிதத்துல நீங்க போற போக்குல எழுதின ஒரு விஷயத்தைத்தான் நான் ரெண்டு தடவை படிச்சேன். உங்க வார்டுக்கு வந்த அப்ரண்டிஸ் ஸ்டூடண்ட் ஒருத்தங்க, பல வருஷம் ஹெல்த்கேர் அசிஸ்டன்டா இருந்தவங்க, அப்சர்வேஷன் எடுக்குற வேகத்துல உங்களையே மிஞ்சுறவங்க, ஒரு சி.ஓ.பி.டி (நாள்பட்ட நுரையீரல் நோய்) பேஷன்ட்டுக்கு 2 லிட்டர் ஆக்சிஜன்ல சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் சதவீதம்) 97 வந்ததும் "சூப்பர், நல்லா இருக்கார்"னு எழுதிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டாங்க. நீங்க அவங்களைக் கூப்பிட்டு ஹேண்ட்ஓவர் பேப்பர் பின்னாடி, பேஷன்ட் நிலைமைக்கு பாயின்ட் போடுற நியூஸ்2 சார்ட்ல சாச்சுரேஷனுக்கு இருக்குற ரெண்டு ஸ்கேலையும் வரைஞ்சு காட்டியிருக்கீங்க. கார்பன் டை ஆக்சைடு தேங்குற பேஷன்ட்டுன்னு டாக்டர் ஸ்கேல் 2 போட்டிருந்தா டார்கெட் 88-ல இருந்து 92 தான், அப்போ ஆக்சிஜன்ல 97ன்னா அதுக்கு 3 பாயின்ட், ஆக்சிஜன் ஓடுறதுக்கு 2, மொத்தம் 5, அதாவது உடனே வந்து பார்க்கச் சொல்ல வேண்டிய அளவு. சாதாரண ஸ்கேல்ல அதே ஆளுக்கு வெறும் 2. அந்தப் பொண்ணு "இத்தனை வருஷமா இதை எழுதுறேன், ஏன்னு யாரும் சொன்னதில்ல"ன்னு சொன்னதா எழுதியிருக்கீங்க. நீங்க தேடுற வேலை அதுதான்மா. அது யுனிவர்சிட்டி கட்டடத்துக்குள்ள மட்டும் நடக்குறது இல்ல, உங்க வார்டுல சம்பளமில்லாம ஏற்கனவே செஞ்சிட்டு இருக்கீங்க, அதைக் கணக்குல ஏத்துறதுதான் இப்போதைக்கு பாக்கி.

பி.ஹெச்டி வேணுமா, எம்.எஸ்சி போதுமா

தோழி சொன்னது பாதி சரி. ரிசர்ச்சை முன்னாடி வைக்குற பெரிய யுனிவர்சிட்டிகள்ல பி.ஹெச்டி இல்லாம கஷ்டம். ஆனா நர்ஸிங் சொல்லிக்குடுக்குற நிறைய யுனிவர்சிட்டி லெக்சரர் விளம்பரத்துல கேக்குறது பொதுவா என்.எம்.சி (நர்ஸுங்களைப் பதிவு பண்ற கவுன்சில்) ரெஜிஸ்ட்ரேஷன், மாஸ்டர்ஸ், அண்மைக்கால கிளினிக்கல் அனுபவம், டீச்சிங் தகுதி, இல்லைன்னா சேர்ந்த பிறகு அதை முடிக்கத் தயாரா இருக்கணும். டீச்சிங் தகுதின்னா ஹையர் எஜுகேஷன்ல பி.ஜி சர்ட்டிஃபிகேட், அல்லது அட்வான்ஸ் ஹெச்.இ-ங்குற அமைப்பு குடுக்குற ஃபெலோஷிப். அதுல முதல் படி அசோசியேட் ஃபெலோ, வார்டுல முறையா சொல்லிக்குடுக்குறவங்களும் அதுக்கு முயற்சி பண்ணலாம்.

உங்க எம்.எஸ்சி அப்படியே செல்லும்னு நீங்க எடுத்துக்கிட்டிருக்கீங்க, அங்கதான் நிதானம் வேணும். அது இங்க எந்த லெவலுக்குச் சமம்னு வெளிநாட்டு டிகிரியை ஒப்பிட்டுச் சொல்ற யு.கே. ஈனிக் ஒரு ஸ்டேட்மென்ட் குடுக்கும், அதை முதல்ல வாங்கி வச்சுக்கோங்க, இன்டர்வியூல போய் உக்காந்து விளக்கிட்டு இருக்க வேண்டாம். டியூட்டரா இருந்த அனுபவத்தையும் குறைச்சு எழுதாதீங்க. நம்ம ஊர் ஆளுங்க இங்க வந்ததும் அந்த வருஷங்களை சி.வி.ல ஒரே வரியில முடிச்சிடுறாங்க, எனக்கு அதைப் பார்க்கவே வருத்தமா இருக்கும். என்ன பாடம், எத்தனை பேர், கிளினிக்கல் போஸ்டிங்ல எப்படி மதிப்பீடு பண்ணீங்க, யார் ஃபெயில் ஆகுற நிலையில இருந்தப்போ என்ன செஞ்சீங்க, இதெல்லாம் எழுதணும்.

இன்னொண்ணு, லெவல் 7 (மாஸ்டர்ஸ் நிலை) அப்ரண்டிஸ்ஷிப் வழியா லெக்சரர் ட்ரெய்னிங் எடுத்துக்கலாமான்னு கேட்டிருந்தீங்க. 2026 ஜனவரியில இருந்து புதுசா சேர்றவங்களுக்கு லெவல் 7-க்கான அரசு நிதி பொதுவா 16ல இருந்து 21 வயசு வரைக்கும்தான், சில விதிவிலக்கு தவிர. உங்க வயசுக்கு அந்தக் கதவு மூடியாச்சு, அதுல நேரம் செலவழிக்க வேண்டாம். நர்ஸ் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் லெவல் 6 (பி.எஸ்சி நிலை), அதுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்ல.

பின் போயிடுமோங்குற பயம் தேவையே இல்ல. பதிவைப் புதுப்பிக்குற ரீவேலிடேஷனுக்கு 3 வருஷத்துல 450 மணி நேரம் ப்ராக்டிஸ் வேணும், 35 மணி நேரம் சி.பி.டி (தொழில்ல தொடர்ந்து கத்துக்குறது). அந்த ப்ராக்டிஸ்ங்குறது பெட் பக்கத்துல நிக்குறது மட்டும் இல்ல, நர்ஸுங்குற அறிவை வச்சு செய்யுற டீச்சிங் வேலையும் கணக்குதான்.

"யாரை வேணும்னாலும் எடுக்குறாங்க"ங்குறது

இதைச் சொன்னவங்க மேல எனக்குக் கோபமே வருது. டிகிரி அப்ரண்டிஸ் ஸ்டூடண்ட்டுக்கு சொல்லிக்குடுக்குறது சாதாரண ஸ்டூடண்ட்டை விட கஷ்டமான வேலை. அவங்களும் அதே 2,300 மணி நேரம் தியரி, அதே 2,300 மணி நேரம் ப்ராக்டிஸ் முடிக்கணும், அதே பி.எஸ்சி, அதே பின், ரெஜிஸ்டர்ல எந்த வழியா வந்தாங்கன்னு ஒரு எழுத்து வித்தியாசம் கூட கிடையாது. மாமியார்கிட்டயும் இதையே சொல்லிடுங்க, சம்பளம் வாங்கிட்டே படிக்குற அதே டிகிரிதான்னு. ஆனா நம்ம ஸ்டூடண்ட் நேத்து வரைக்கும் அதே வார்டுல ஹெல்த்கேரா இருந்தவங்க. ஆள் குறைஞ்ச அன்னைக்கு "பே 3 பேஷன்ட்டுங்களை வாஷ் பண்ணிட்டு வந்துடு"ன்னு கூப்பிடுவாங்க, அவங்களும் பழக்கத்துல போயிடுவாங்க, ஸ்டூடண்ட்டா கத்துக்க வேண்டிய மணி நேரம் அப்படியே கரைஞ்சிடும். பிளேஸ்மென்ட்ல இருக்கும்போது அவங்க சூப்பர்நியூமரரி, எண்ணிக்கையில சேர்க்கக்கூடாது, அதுக்காக வார்டு மேனேஜர்கிட்ட நின்னு பேசுறது டீச்சரோட வேலை. வீட்ல குழந்தை, கையில லோன், பல வருஷத்துக்கு அப்புறம் எஸ்ஸே எழுதுறவங்க, வேலை செய்யுறதுல மன்னர்கள் ஆனா ஏன்னு கேட்டா தடுமாறுறவங்க, அவங்களுக்கு நீங்க வரைஞ்ச மாதிரி ஒரு பேப்பர்தான் தேவை.

அது போக காகித வேலை. மூணு மாசத்துக்கு ஒருக்கா ஸ்டூடண்ட், முதலாளி பக்கத்து ஆள், யுனிவர்சிட்டி மூணு பேரும் உக்காந்து ரிவ்யூ, ஆஃப் த ஜாப் ட்ரெய்னிங் (வழக்கமான வேலைக்கு வெளிய படிக்குற நேரம்) மணிக்கணக்கு, ஈ-போர்ட்ஃபோலியோ. என்.எம்.சி ஒரு பக்கம், 2021 ஏப்ரல்ல இருந்து டிகிரி லெவல் அப்ரண்டிஸ்ஷிப்பையும் கல்வி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டட் வந்து சோதிக்குது. வேலைப் பேரையும் கவனிச்சுப் படிங்க. ஸ்கில்ஸ் கோச், அப்ரண்டிஸ்ஷிப் ட்யூட்டர், ப்ராக்டிஸ் ட்யூட்டர், லெக்சரர் எல்லாம் ஒண்ணு இல்ல, சம்பளமும் வேற, சிலது விசா ஸ்பான்சர் பண்ற லெவலுக்கே வராது. 2025 ஜூலை 22-ல இருந்து, புதுசா இந்த விசா வழிக்குள்ள வர்றவங்களை ஸ்பான்சர் பண்ண வேலை பொதுவா டிகிரி லெவல்ல இருக்கணும்.

வேலை இருக்கான்னா, இருக்கு. 2023-ல வந்த என்.ஹெச்.எஸ் வொர்க்ஃபோர்ஸ் திட்டத்துல கிளினிக்கல் ட்ரெய்னிங்ல அப்ரண்டிஸ்ஷிப் பங்கை 7 சதவீதத்துல இருந்து 2031/32-க்குள்ள 22 சதவீதமா ஆக்குறதா சொன்னாங்க, 2025 ஜூலை திட்டத்துல 3 வருஷத்துல கூடுதலா 2,000 நர்ஸிங் அப்ரண்டிஸ்ஷிப்னு சொல்லியிருக்காங்க. திட்டம் வேற, நடக்குறது வேற, அதையும் சொல்லிடுறேன். லெவின்னு பெரிய முதலாளிகள்கிட்ட வாங்குற காசு ட்ரெய்னிங்குக்கும் மதிப்பீட்டுக்கும் மட்டும்தான் போகும், ஸ்டூடண்ட்டோட சம்பளமோ, அவங்க கிளாஸுக்குப் போற நாள் வார்டுக்கு இன்னொரு ஆள் போடுற செலவோ அதுல வராது. அதனாலதான் ட்ரஸ்ட்டுங்க சீட்டைக் கணக்குப் பார்த்துப் பார்த்து குடுக்குறாங்க.

விசா, காசு

உங்க கடிதத்துல விசா பத்தி ஒரு வரிகூட இல்ல, எனக்கு அதுதான் கவலை. இப்போ நீங்க இருக்குறது ஹெல்த் அண்ட் கேர் விசா. யுனிவர்சிட்டி லெக்சரர்னா பொதுவா சாதாரண ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாறணும், 2025 ஜூலை 22-க்கு அப்புறம் அதுக்குப் பொதுவான சம்பள வரம்பு 41,700 பவுண்ட், ஆரம்ப லெக்சரர் சம்பளம் சில இடத்துல அதைத் தொடாது. ஆனா 2024 ஏப்ரல் 4-க்கு முன்னாடியே இந்த வழியில வந்து விடாம இருக்குற உங்களை மாதிரி ஆளுங்களுக்கு வரம்பு அதை விடக் குறைவு, எந்த வரம்பு உங்களுக்குப் பொருந்தும்னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. அதோட இப்போ உங்களுக்கு இல்லாத ஹெல்த் சர்சார்ஜ் வந்துடும், பெரியவங்களுக்கு வருஷம் 1,035, பிள்ளைங்களுக்கு 776. நாலு பேருக்கும் கட்ட வேண்டி வந்தா வருஷத்துக்கு 3,622, மூணு வருஷத்துக்கு 10,866 பவுண்ட், அதுவும் முன்கூட்டியே. யுனிவர்சிட்டி குடுக்குமான்னு கேக்கலாம், குடுக்கும்னு நினைச்சு ராஜினாமா எழுதக்கூடாது.

பென்ஷனும் மாறும், பழைய பாலிடெக்னிக்கா இருந்த யுனிவர்சிட்டிகள்ல டீச்சர்ஸ் பென்ஷன், பழைய யுனிவர்சிட்டிகள்ல யு.எஸ்.எஸ்ங்குற வேற பென்ஷன் திட்டம். யுனிவர்சிட்டி வேலை நிரந்தரம்னும் எடுத்துக்காதீங்க. 2025 ஜனவரியில வேல்ஸ்ல கார்டிஃப் யுனிவர்சிட்டி தன்னோட நர்ஸிங் ஸ்கூலையே மூடப்போறதா அறிவிச்சுது, பெரிய எதிர்ப்புக்கு அப்புறம்தான் அதைக் கைவிட்டாங்க. ஸ்பான்சர் விசாவுல இருக்குற ஒருத்தருக்கு அந்த மாதிரி ஒரு அறிவிப்பு வந்தா தூக்கம் வராது.

ஐ.எல்.ஆர் (நிரந்தரமா தங்குற அனுமதி) வாங்கிட்டு எல்லாம் பார்த்துக்கலாம்னு உக்காரவும் சொல்லமாட்டேன். அதுக்குக் காத்திருக்குற 5 வருஷத்தை 10 ஆக்குற திட்டத்தை 2025 மே மாசமே அரசு சொல்லிடுச்சு, அந்தத் தேதியை நம்பி வாழ்க்கையை நிறுத்தி வைக்க முடியாது. விசாவைத் தொடாம உள்ளேயே நகர வழி இருக்கு, என் யோசனை அதுதான்.

நான் உங்க இடத்துல இருந்தா எந்த வரிசையில போவேன்

முதல்ல ப்ராக்டிஸ் அசெஸர் ட்ரெய்னிங். நீங்க மென்டார் கோர்ஸ்னு எழுதியிருக்கீங்க, அந்த முறை 2018 ஸ்டாண்டர்ட்ஸோட போயிடுச்சு, இப்போ வார்டுல சொல்லிக்குடுக்குற ப்ராக்டிஸ் சூப்பர்வைசர், அங்கேயே மதிப்பீடு பண்ற ப்ராக்டிஸ் அசெஸர், யுனிவர்சிட்டி பக்கம் அகாடமிக் அசெஸர். தேவையான தயாரிப்பு இருந்தா ரெஜிஸ்டர்டு நர்ஸ் யாரும் சூப்பர்வைசர் ஆகலாம், "நீ புதுசு"ன்னு மேனேஜர் சொன்னது எந்த விதியிலும் இல்ல. அப்ரைசல்ல எழுத்துல கேளுங்க, வாயால கேட்டா அடுத்த நைட் ஷிஃப்ட்ல மறந்துடுவாங்க.

அடுத்தது உங்க ட்ரஸ்ட்ல வெளிநாட்டு நர்ஸுங்களுக்கு ஓஸ்கி ட்ரெய்னிங் குடுக்குற டீம் இருக்கான்னு பாருங்க. 10 ஸ்டேஷன், அதுல எங்க நம்ம ஆளுங்க தடுமாறுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுற அளவுக்கு இங்க படிச்சவங்களுக்குத் தெரியாது. பேஷன்ட்கிட்ட சம்மதம் கேக்காம நேரா கை வைக்குறது, செய்யுறதை வாய்விட்டு சொல்லாதது, இதெல்லாம் அறிவு இல்லாம வர்றது இல்ல, நம்ம ஊர்ல பழகின விதம், அதை அவமானப்படுத்தாம மாத்தத் தெரிஞ்ச ஒரு டீச்சர் அந்த டீமுக்கு வேணும். அங்க இருந்து பேண்ட் 6 கிளினிக்கல் எஜுகேட்டர், ப்ராக்டிஸ் எஜுகேட்டர். அதே ட்ரஸ்ட்னாலும் உங்க ஸ்பான்சர்ஷிப்ல இருக்குற ஆக்குபேஷன் கோட் மாறுதான்னு ஹெச்.ஆர்கிட்ட கேட்டுக்கோங்க, மாறினா புதுசா அப்ளை பண்ணணும்.

கையில வர்ற காசு ஒரு விஷயம். எஜுகேட்டர் வேலை பெரும்பாலும் திங்கள் டு வெள்ளி. இப்போ நைட்டுக்கும் சனிக்கிழமைக்கும் 30 சதவீதம், ஞாயிறுக்கு 60 சதவீதம் கூட வாங்குறீங்க, அது போயிடும். நிறைய நைட் செய்யுற பேண்ட் 5-க்கு பேண்ட் 6 ஆனதும் கையில வர்றது குறையவும் செய்யும். கணவர் நைட் பார்க்குறார்னா நீங்க சாயங்காலம் வீட்ல இருக்குறதோட மதிப்பு என்னன்னு ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்கோங்க, அதை நான் சொல்ல முடியாது.

கூடவே யுனிவர்சிட்டி பழக்கம். ஸ்பான்சர் வேலை மணி நேரத்துக்கு வெளிய, வாரம் 20 மணி நேரம் வரைக்கும், ஸ்பான்சருக்குத் தகுதியான தொழில்ல சப்ளிமென்டரி வேலை செய்ய உங்க விசா இடம் குடுக்குது, ஹையர் எஜுகேஷன் டீச்சிங் அதுல வரும். மணிக்கணக்குல சிமுலேஷன் லேப்ல, ஸ்டூடண்ட் ஓஸ்கி தேர்வுல எக்ஸாமினரா கூப்பிடுறாங்க. சேர்றதுக்கு முன்னாடி ஆர்.சி.என் (நர்ஸுங்க சங்கம்) மெம்பர்னா அவங்க இமிக்ரேஷன் அட்வைஸ்ல ஒரு தடவை கேட்டுக்கோங்க. இப்படி ஒரு ரெண்டு வருஷம் போனா, லெக்சரர் போஸ்ட்டுக்குப் போகும்போது நீங்க வெளியாள் இல்ல. அந்த யுனிவர்சிட்டி உங்களுக்குப் பொருந்துற சம்பள வரம்புக்கு மேல குடுத்து ஸ்பான்சரும் பண்ணுதுன்னா அப்போ தாராளமா போங்க.

கணவர் விஷயம்

இதுல உங்களுக்குத் தெரியாத ஒரு நல்ல செய்தி இருக்கு. சாதாரண வழியில நர்ஸிங் டிகிரி படிக்கப்போனா டிபென்டன்ட் விசாக்காரருக்கு ஸ்டூடண்ட் லோன் கிடையாது, ஃபீஸும் பொதுவா வெளிநாட்டு ரேட். ஆனா அப்ரண்டிஸ்ஷிப் நிதி விதி வேற, படிப்புக்காக இல்லாத விசாவுல சேர்றதுக்கு முன்னாடி 3 வருஷம் இங்க குடியிருந்திருந்தா தகுதி இருக்கு. 2022-ல வந்தவர் அந்தக் கோட்டைத் தாண்டிட்டார். அவர் விசா உங்க விசாவோட கட்டியிருக்கு, அதனால நாலு வருஷ கோர்ஸ் நடுவுல நீங்க வேலை மாறுறதுனா அவர் நிலைமையையும் சேர்த்துப் பாருங்க. நீங்க உடனே யுனிவர்சிட்டிக்குத் தாவ வேண்டாம்னு சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ரெண்டு வழி இருக்கு. நேரா டிகிரி அப்ரண்டிஸ்ஷிப், சுமார் 4 வருஷம். இல்லன்னா 2 வருஷ நர்ஸிங் அசோசியேட் (ஹெல்த்கேர் அசிஸ்டன்டுக்கும் நர்ஸுக்கும் நடுவுல உள்ள வேலை), அது முடிஞ்சா என்.எம்.சி பின்னோட பேண்ட் 4, அப்புறம் டாப் அப் (மிச்ச டிகிரிப் படிப்பு) பண்ணி நர்ஸ். ரெண்டாவதுல நடுவுல வாழ்க்கை ஏதாச்சும் பண்ணினாலும் கையில ஒரு தகுதி இருக்கும், ஆனா டாப் அப் சீட் கிடைக்காம பேண்ட் 4-லயே நிக்குறவங்களும் உண்டு, அந்த வேலை இங்கிலாந்துக்குன்னு உருவாக்கினது. பிள்ளைங்க சின்னதா இருக்குறதால நான் அசோசியேட் பக்கம்தான் சாய்வேன், அவர் ட்ரஸ்ட்ல டாப் அப் தொடர்ந்து நடக்குதுன்னா மட்டும். இங்கிலீஷ், மேத்ஸ் லெவல் 2-க்கு அவரோட சர்ட்டிஃபிகேட்டை ஏத்துக்கலைன்னா ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் தேர்வு எழுதணும், அதை இப்பவே ஆரம்பிக்கட்டும். கையெழுத்து போடுற பேப்பர்ல படிப்பு முடிச்சு எத்தனை வருஷம் அங்கேயே இருக்கணும், நடுவுல விட்டா காசு திருப்பிக் கேப்பாங்களா, படிக்குற காலத்துல எந்த பேண்ட் சம்பளம்னு வரி வரியா படிங்க, ட்ரஸ்ட்டுக்கு ட்ரஸ்ட் மாறுது.

ஏஜென்ட். அப்ரண்டிஸ்கிட்ட ட்ரெய்னிங்குக்கோ மதிப்பீட்டுக்கோ ஒரு பைசா வாங்கக்கூடாதுங்குறது நிதி விதியிலேயே இருக்கு, சீட்டை விக்குறதுக்கு யாருக்கும் அதிகாரம் இல்ல. சீட் வர்றது ட்ரஸ்ட்டோட சொந்த விளம்பரத்துல, இன்டர்வியூ வச்சு. மீதி 2,500-ஐ குடுக்காதீங்க, "கடைசி சீட், இன்னைக்கே முடிவு சொல்லுங்க"ன்னு எத்தனை போன் வந்தாலும். வாட்ஸ்அப் மெசேஜ் எதையும் அழிக்காதீங்க, பாஸ்போர்ட், பழைய பி.ஆர்.பி (விசா கார்டு) காப்பி, லாகின் ஏதாவது குடுத்திருந்தா பாஸ்வேர்டை மாத்துங்க. ட்ரஸ்ட்ல இருக்குற ஆளு பேரை அவர் சொல்லியிருந்தா, ஒவ்வொரு ட்ரஸ்ட்டுக்கும் கவுண்டர் ஃப்ராட் ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தர் உண்டு, அவர்கிட்ட சொல்லலாம், ஏமாந்தவங்க புகார் குடுத்ததால உங்க விசாவுக்கு ஒண்ணும் ஆகாது.

500 பவுண்ட்டை பேங்க் ட்ரான்ஸ்ஃபர்ல அனுப்பியிருந்தா இன்னைக்கே பேங்குக்கு போன் போட்டு மோசடின்னு சொல்லுங்க. 2024 அக்டோபர் 7-க்கு அப்புறம் நடந்த இந்த மாதிரி ட்ரான்ஸ்ஃபர் மோசடிக்கு, 13 மாசத்துக்குள்ள சொன்னா, பேங்க் பொதுவா பணத்தைத் திருப்பித் தரணும், அதிகபட்சம் 100 பவுண்ட் பிடிச்சுக்கலாம். கையில ரொக்கமா குடுத்திருந்தா அந்த வழி இல்ல, எப்படிக் குடுத்தீங்கன்னு கடிதத்துல எழுதல.